இலக்கியத்துல எதிர்காலம்: பலிச்சுதா இல்லையான்னு பாக்குறது மட்டும்தான் ஆய்வா?

செம்பருத்தி | ஞாயிறு காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. இங்கிலீஷ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு எடுத்த தலைப்பு, இலக்கியம் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை பண்ணுது, எப்படிக் கதையா சொல்லுதுங்கிறது. கையில வெச்சிருக்கிறது நாலு. 1835ல கல்கத்தா ஹிந்து காலேஜ் மாணவர் கைலாஷ் சந்தர் தத் எழுதின சின்னக் கதை, அதுல 1945ல வெள்ளைக்கார ஆட்சிக்கு எதிரா கிளர்ச்சி நடக்குது. 1888ல அமெரிக்காவுல எட்வர்ட் பெல்லமி எழுதின நாவல், 1887ல தூங்கினவன் 2000ல பாஸ்டன்ல கண் முழிக்கிறான். 1905ல பேகம் ரொக்கையா எழுதின சுல்தானாவின் கனவு. நாலாவது நம்ம பாரதியோட சுதந்திரப் பள்ளு.

என் கைடு ஒரு டேபிள் போடச் சொன்னாங்க, என்ன சொன்னாங்க, எது பலிச்சுது, எது பலிக்கலைன்னு. மூணு நாள் உக்காந்து போட்டேன். போட்டு முடிச்சுப் பாத்தா ஜோசியக்காரர் நோட்டு மாதிரி இருக்கு. 1945க்கு நேரா "பலிச்சது, ரெண்டு வருஷ வித்தியாசம்"னு எழுதி வெச்சிருந்தேன், ராத்திரி கதையைத் திரும்பப் படிச்சப்ப கை நின்னுபோச்சு, ஏன்னா கதையில கிளர்ச்சி தோத்துப்போகுது, தலைவனுக்கு மரண தண்டனை குடுத்துடுறாங்க. அப்ப என்ன பலிச்சுது? வருஷமா? எனக்கு இந்த டேபிள் வேணாம்னு தோணுது, ஆனா அதுக்குப் பதிலா எதைப் பாக்குறதுன்னு புரியலை. படிச்சவங்க சொல்லுங்க.


ஜீனோ ரசிகன் | ஞாயிறு காலை 10.25

தங்கச்சி, டேபிளைத் தூக்கிப் போடாதே. சுஜாதாவோட என் இனிய இயந்திரா எண்பதுகள்ல விகடன்ல தொடரா வந்துச்சு, எங்க பெரியப்பா அதைக் கிழிச்சுச் சேத்து பைண்டு பண்ணி வெச்சிருந்தார், எட்டாவது படிக்கும்போது ரெண்டு நாள்ல முடிச்சேன். கதை நடக்கிற காலம் 2020கள். ஜீனோன்னு ஒரு ரோபோ நாய் மனுஷங்களைவிட விவரமா பேசும், புஸ்தகம் படிக்கும். 2021 வந்தப்ப நான் அந்த பைண்டிங்கை எடுத்து வெச்சு ஒவ்வொரு பக்கமா பாத்தேன், எது வந்திருக்கு எது வரலைன்னு. அந்த சந்தோஷம் சின்னப்பிள்ளைத்தனம் இல்ல, எழுத்தாளன் நம்மகிட்ட விட்டுட்டுப் போன ஒரு பந்தயம் அது. பெல்லமி நாவல்ல கிரெடிட் கார்டுன்னு அதே பேர்லயே வருது, 1888ல! பெரியார் இனிவரும் உலகத்துல ஒவ்வொருத்தர் சட்டைப் பையிலயும் கம்பியில்லாத் தந்தி இருக்கும்னு சொன்னார். இதையெல்லாம் சொல்லாம எதிர்கால இலக்கியத்தைப் பத்தி என்னத்த ஆய்வு பண்ணுவே?


ஹூக்ளிக்கரை | ஞாயிறு மதியம் 12.10

நான் இருபது வருஷமா கொல்கத்தாவுல இருக்கிறவன். அந்த கிரெடிட் கார்டு விஷயத்தை மட்டும் முதல்ல சரி பண்ணிடுறேன், இது எல்லா இடத்துலயும் இப்படித்தான் ஓடுது. பெல்லமி சொல்ற கார்டு ஒரு அட்டை. நாட்டோட வருஷ உற்பத்தியில எல்லாருக்கும் சமமா ஒரு பங்கு, அந்தப் பங்கு அட்டையில கட்டம் கட்டமா இருக்கும், பொருள் வாங்க வாங்க கட்டத்தை வெட்டி எடுத்துப்பாங்க. அதுல பேங்க் இல்ல, கடன் குடுத்து லாபம் பாக்குற வேலையும் இல்ல. கிட்டத்தட்ட நம்ம ரேஷன் கார்டு. பேர் ஒண்ணா இருக்குங்கிறதுக்காக "பலிச்சது"ன்னு டிக் அடிச்சா அவர் உண்மையில என்ன ஆசைப்பட்டார்ங்கிறதே மறைஞ்சுபோகுது, எல்லாருக்கும் சம பங்குங்கிறது எங்கயும் வரலையே.

1945 கதைக்கு வரேன். அது கல்கத்தா லிட்டரரி கெசட்ல 1835 ஜூன்ல வந்துச்சு. அந்த வருஷம் பிப்ரவரியிலதான் மெக்காலே கல்வி பத்தின தன்னோட குறிப்பை எழுதினார், நம்ம ரசனையும் கருத்தும் எல்லாம் இங்கிலீஷ்காரங்க மாதிரி ஆகிற ஒரு கூட்டத்தை உருவாக்கணும்னு. அந்தக் கூட்டத்துல ஒருத்தரா வரவேண்டிய பையன், நாலு மாசத்துக்குள்ள, அதே இங்கிலீஷ்ல, ஆயுதக் கிளர்ச்சியை எழுதுறான். நூத்திப் பத்து வருஷம் தள்ளி வெச்சு எழுதுறான். இன்னைக்கு நடக்குதுன்னு எழுதியிருந்தா அது ராஜதுரோகம். 1945னு போட்டதால அது கதை. அதனால அந்த வருஷத்தை ஜோசியமா பாக்காதீங்க, அவன் ஒளிஞ்சு நின்ன இடமா பாருங்க. செம்பருத்தி, உங்க கை நின்னது சரியான இடத்துலதான்.


நன்னூல் நேசன் | ஞாயிறு மாலை 5.30

முப்பத்து நாலு வருஷம் தமிழாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவன். விஞ்ஞானக் கதை அதிகம் படிச்சதில்ல, ஆனா இந்தப் பொண்ணு கேட்டதைப் படிச்சதுல இருந்து ஒரே யோசனையா இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்மா. இந்த நாலு பேரும் எந்தக் காலத்துல எழுதியிருக்காங்க? நூற்றாண்டைக் கேக்கலை, வினைமுற்றைக் கேக்குறேன். 1945ல கிளர்ச்சி நடக்கும்னா, நடந்ததுன்னா?

நடந்ததுன்னுதானே. பெல்லமி, ரொக்கையா, சுஜாதா எல்லாரும் அப்படித்தான் எழுதியிருப்பாங்க. இன்னும் வராத ஒண்ணை ஏன் முடிஞ்சுபோனதா சொல்லணும்? இந்தக் கேள்வியை நம்ம ஆளுங்க ரொம்ப முன்னாடியே கேட்டுட்டாங்க. தொல்காப்பியத்துல எதிர்காலத்துக்கு வாராக் காலம்னும் ஒரு பேர். வினையியல்ல ஒரு சூத்திரம்:

வாராக் காலத்து வினைச்சொற் கிளவி
இறப்பினும் நிகழ்வினும் சிறப்பத் தோன்றும்
இயற்கையும் தெளிவும் கிளக்கும் காலை

அதாவது வரப்போறதை இறந்த காலத்துலயோ நிகழ்காலத்துலயோ சொல்லலாம், ரெண்டு காரணத்துக்காக. ஒண்ணு இயற்கை, அது எப்பவும் அப்படித்தான் நடக்கும். ரெண்டாவது தெளிவு, அறிகுறி தெரிஞ்சுபோச்சு, இனி சந்தேகமில்ல. உரைக்காரங்க காட்டுற உதாரணம் ரெண்டையும் கேளுங்க. இயற்கைக்கு, "இக்காட்டுள் போகின் கூறை கோட்பட்டான்". இந்தக் காட்டுக்குள்ள போனா கட்டின துணியையும் களவு குடுத்தான். அவன் இன்னும் போகவே இல்ல! தெளிவுக்கு, எறும்பு முட்டையைத் தூக்கிட்டு திட்டை மேல ஏறினா "மழை பெய்தது". வானத்துல ஒரு சொட்டு விழலை, அதுக்குள்ள பெய்தது.

இன்னொரு சூத்திரம் விரைவைப் பத்தி. சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவனை வாசல்ல இருந்து கூப்பிட்டா "இதோ வந்துட்டேன்"ங்கிறான், கையில சோத்துப் பருக்கை காயலை. பஸ் திருப்பத்துல தலையைக் காட்டினதும் "பஸ் வந்துருச்சு"ங்கிறோம். பிள்ளை தட்டை உடைச்சுட்டா அம்மா "அப்பா வரட்டும், நீ செத்தே"ங்கிறா. படிக்காதவங்க வாயிலயும் இந்த இலக்கணம் பிசகாம வருது.

இன்னொரு விஷயம். தமிழ்ல எதிர்கால வினைமுற்றுல ஒரு கதை முழுக்கச் சொல்லிப் பாருங்க. "தாத்தா விடியக்காலையில எந்திரிப்பார், ஆத்துக்குப் போவார், ஈரத்துணியோட வருவார்." இது எதிர்காலமா? செத்துப்போன தாத்தாவைப் பத்தின நினைப்பு. நம்ம ப், வ் இடைநிலைக்கு ரெண்டு வேலை, நாளைக்கு நடக்கப்போறதுக்கும் அதுதான், அந்தக் காலத்துல வழக்கமா நடந்ததுக்கும் அதுதான். இன்னொண்ணு, "இப்ப வீட்டுல இருப்பார்"னு உத்தேசமா சொல்றதுக்கும் அதே. அதனால தமிழ்ல எதிர்காலத்தை எதிர்கால வினையிலயே நாவலா எழுதினா பாட்டி பழங்கதை சொல்ற மாதிரிதான் காதுல விழும். மேடையில பேசுறவர் "இருக்கும், வரும்"னு சொல்லலாம், தம்பி சொன்ன பெரியார் பேச்சு அந்த வகை. கதை சொல்றவன் "இருந்தது"ன்னுதான் ஆரம்பிக்கணும்.


கரிசல் மேகம் | ஞாயிறு மாலை 6.05

ஐயா, கூறை கோட்பட்டான் உதாரணத்தைப் படிச்சதும் எழுந்து ரெண்டு நடை நடந்துட்டு வந்தேன். தொடருங்க, படிச்சுக்கிட்டே இருக்கேன்.


செம்பருத்தி | ஞாயிறு இரவு 8.50

ஐயா, என்ன சொல்றதுன்னே தெரியலை. ஒரு காலத்துல சொல்லவேண்டியதை வேற காலத்துல சொன்னாலும் ஏத்துக்கிற இந்த விதியை, பள்ளிக்கூடத்துல கால வழுவமைதின்னு ரெண்டு மார்க் கேள்விக்குப் படிச்சதோட சரி. நீங்க எழுதினதைப் படிச்சதும் பாரதி புஸ்தகத்தை எடுத்தேன். "ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்", "வெள்ளைப் பரங்கியைத் துரையென்ற காலமும் போச்சே". அடைவோம்னு இல்ல, போகும்னு இல்ல. 1921ல அவர் செத்துப்போறார், இருபத்தாறு வருஷம் பாக்கி இருக்கு. அவருக்கு எறும்பு முட்டையோட ஏறுறது தெரிஞ்சிருக்கு.

1947 ஆகஸ்ட் 14 ராத்திரி டி.கே. பட்டம்மாள் இதை ரேடியோவுல பாடினாங்க. பாட்டுல ஒரு எழுத்து மாத்தலை, மாத்த வேண்டிய தேவையும் இல்ல, அந்த ராத்திரி வழுவமைதி போய் அது சாதாரண இறந்த காலமாவே ஆயிடுச்சு. ஆனா அதே பாட்டுல இன்னொரு வரி இருக்கு, "நாம் எல்லோரும் சமம் என்பது உறுதியாச்சு". அந்த "ஆச்சு" இன்னும் ஆகலை. எங்க ஊர்ல சுடுகாடு இன்னும் ரெண்டு. ஒரே பாட்டுக்குள்ள ஒரு வரி நடந்து முடிஞ்சிருச்சு, ஒரு வரி இன்னும் வாராக் காலத்துலயே நிக்குது, ரெண்டுமே பாக்க இறந்த காலம்தான். டேபிள்ல இதை எந்தக் கட்டத்துல போடுவேன்?


பனைவடலி | திங்கள் அதிகாலை 3.15

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நித்திரை வராமல் இந்த இழையை முழுக்க வாசிச்சு முடிச்சனான். ஐயா சொன்னது நல்லாப் பிடிச்சிருக்குது. ஆனால் காலத்தை மட்டும் பாத்தால் போதாது எண்டு நினைக்கிறன், ஆர் சொல்லினம் எண்டதையும் பாக்கோணும்.

அதே பாரதியின்ர பாரத தேசம் பாட்டு: "சிங்களத் தீவினுக்கோர் பாலம் அமைப்போம்". இது இறந்த காலம் இல்லை, நேரான எதிர்காலம். அந்த "ஓம்" ஆர்? தமிழில நாங்கள் எண்டால் கேக்கிற ஆள் சேராது, நாம் எண்டால் கேக்கிற ஆளும் சேரும். ஆனால் வினைமுற்றில வரேக்க ரெண்டுக்கும் ஒரே "ஓம்"தான். நான் பத்து வயசில இந்தப் பாட்டைப் படிக்கேக்க பாலத்தின்ர இந்தக் கரையில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தன், அவர் அந்தக் கரையில நிண்டு பாடுறார், பாலம் என்னையும் கேட்டுத்தான் கட்டுப்படுமோ எண்டு அப்பவே ஒரு சின்ன நெருடல். பாரதியில எனக்குக் கோபம் ஒண்டும் இல்லை, இண்டைக்கும் மனப்பாடம். எதிர்காலத்தைச் சொல்லுற எழுத்து எல்லாத்திலயும் இப்பிடி ஒரு "ஓம்" ஒளிச்சிருக்கும், அதுக்குள்ள ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு தேடுங்கோ தங்கச்சி. நீங்கள் காட்டின பள்ளுப் பாட்டில அவர் "நாம்" எண்டு வாய்விட்டுச் சொல்லுறார், அங்க சந்தேகமே இல்லை. ரெண்டு பாட்டையும் பக்கத்தில பக்கத்தில வையுங்கோ.


அடுப்படி அக்கா | திங்கள் காலை 11.00

ரொக்கையா கதையைப் பத்தி யாரும் பேசலையே, நான் பேசுறேன். அது முதல்ல வந்தது நம்ம மெட்ராஸ்ல. கமலா சத்தியநாதன் 1901ல ஆரம்பிச்சு நடத்தின தி இண்டியன் லேடீஸ் மேகசின்ல. பீகார் பாகல்பூர்ல பர்தாவுக்குள்ள உக்காந்து ஒரு பொண்ணு எழுதினதை மெட்ராஸ்ல ஒரு பொண்ணு அச்சுப் போட்டிருக்கா, அதை நினைக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி ஆகும்.

கதையில பெண்கள் வெளியில, ஆண்கள் வீட்டுக்குள்ள. எல்லாரும் பறக்குற வண்டியையும், மேகத்துல இருந்து தண்ணி இழுக்கிற பலூனையும் சொல்லுவாங்க. நான் நின்னது சமையல்கட்டுல. காய்கறித் தோட்டத்து நடுவுல அடுப்படி, ஒவ்வொரு கொடியும் ஒவ்வொரு தக்காளிச் செடியும் அலங்காரமா நிக்குது, புகை இல்ல, புகைபோக்கி இல்ல, கரி இருந்த அடையாளமே இல்ல. எப்படிச் சமைக்கிறீங்கன்னு கேட்டா சூரிய வெப்பத்துலன்னு சொல்லி குழாயைக் காட்டுறாங்க. எங்க அம்மா முப்பது வருஷம் சவுக்கு விறகுல ஊதி ஊதி சமைச்சவங்க, கண்ணு ரெண்டும் எப்பவும் சிவந்தே இருக்கும், இருமல் கடைசி வரைக்கும் போகலை. இந்தப் பத்தியை நான் அவங்களுக்குப் படிச்சுக் காட்டியிருக்கணும், அதுக்குள்ள போயிட்டாங்க. ஜீனோ ரசிகன் தம்பி, சூரிய அடுப்பு பலிச்சுதுன்னு டிக் அடிச்சா பத்தாதுப்பா, 1905ல அந்தப் புகை யார் கண்ணுல போச்சுங்கிறதை அவங்க எழுதியிருக்காங்க.

அப்புறம் சுருட்டுக் கணக்கு. எங்க ஊர்ல மாஜிஸ்டிரேட்டெல்லாம் ஏழு மணி நேரம் வேலை பாக்குறாங்களேன்னு சுல்தானா சொல்றா. கனவுல அவளுக்கு அந்த நாட்டைச் சுத்திக் காட்டுற சாரா சொல்ற பதில், ஒரு சுருட்டு எரிய அரை மணி நேரம், ஒரு நாளைக்குப் பன்னெண்டு சுருட்டு, ஆறு மணி நேரம் புகையாவே போச்சு. ரொக்கையா வீட்டுக்காரர் டெபுடி மாஜிஸ்டிரேட்! டூர் முடிஞ்சு வந்தவர் நின்ன வாக்கிலேயே முழுசும் படிச்சுட்டு "பயங்கரமான பழிவாங்கல்"னு சொன்னாராம், அவங்களே எழுதியிருக்காங்க.

ஒரு சந்தேகம், இதை எதிர்காலக் கதைன்னு சொல்லலாமா? வருஷமே கிடையாதே. கனவுல வேற ஊருக்குப் போற மாதிரிதானே இருக்கு.


ஹூக்ளிக்கரை | திங்கள் மதியம் 1.20

அக்கா கேட்டது முக்கியமான கேள்வி. ரொம்ப காலம் நல்ல நாடு எப்பவும் வேற ஒரு தீவுலதான் இருந்துச்சு, கப்பல் வழி தப்பிப் போய்ச் சேருவாங்க. 1771ல பிரான்ஸ்ல மெர்சியேன்னு ஒருத்தர் அதை அதே ஊருக்கு, அதே பாரிஸுக்கு, 2440ஆம் வருஷத்துக்குக் கொண்டுவந்தார். கப்பலுக்குப் பதிலா தூக்கம். பெல்லமியும் அதே தூக்கத்தைத்தான் எடுத்துக்கிட்டார்.

ரொக்கையா ரெண்டையும் கலக்குறாங்க. வருஷம் இல்ல, ஆனா சாரா அந்த நாட்டோட வரலாறைச் சொல்லும்போது முப்பது வருஷத்துக்கு முன்னாடின்னு ஆரம்பிக்கிறா, ராணி பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது, யுனிவர்சிட்டி வந்தது, சண்டையில சூரிய ஒளியைக் குவிச்சு எதிரியை விரட்டினது எல்லாமே இறந்த காலம். சுல்தானாவுக்கு இனிமே வரவேண்டியது சாராவுக்குப் பழைய கதை. ஐயா சொன்ன இலக்கணம் அங்க ஒரு பாத்திரத்தோட வாயில உக்காந்திருக்கு. அப்புறம் அந்த அம்மா கனவோட விடலை, 1909ல பாகல்பூர்ல பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க, 1911ல அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தாங்க, இன்னைக்கும் நடக்குது.


ஜீனோ ரசிகன் | திங்கள் மாலை 7.15

அக்கா சொன்னதை ஏத்துக்கிறேன், அடுப்பு விஷயத்துல நான் கருவியை மட்டும்தான் பாத்தேன். ஆனா ஐயாகிட்ட ஒரு கேள்வி. ஆர்வெல்லோட 1984 நாவல், 1949ல வந்தது, கதை முழுக்க இறந்த காலம். கடைசியில அந்த அரசாங்கத்தோட மொழியைப் பத்தி ஒரு பின்னிணைப்பு வரும், அதுவும் "அந்த மொழி இருந்தது"ன்னு இறந்த காலம்தான். அப்ப அந்த அரசாங்கம் விழுந்துபோச்சு, பின்னாடி வந்த யாரோ எழுதுறாங்கன்னு ஒரு கட்சி வாதாடுது. மார்கரெட் அட்வுட்டோட தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்ங்கிற 1985 நாவல்ல அது ஊகமே இல்ல, 2195ல ஒரு கருத்தரங்கு நடக்குது, அந்தக் கொடுமைக்கால ஆட்சியை அறிஞர்கள் ஆறின கஞ்சி மாதிரி பேசிக்கிட்டிருக்காங்க. இதெல்லாம் காடா, எறும்பா?


நன்னூல் நேசன் | திங்கள் இரவு 9.40

தம்பி, நீங்க சொன்னதை வெச்சுப் பாத்தா ரெண்டும் காடுதான். "இந்த வழியில போனா கூறை கோட்பட்டான்"னு சொல்றவன் போகச் சொல்லிச் சொல்றதில்ல, போகாதேன்னு சொல்லத்தான் சொல்றான். போனவனோட கதையை நடந்ததாவே சொன்னாத்தான் கேக்குறவனுக்குக் கால் நிக்கும். பாரதி எறும்பைப் பாத்தவர், அவர் வா, ஆடுவோம்னு கூப்பிடுறார். ஒரே இறந்த காலம், ஒண்ணு வழி மறிக்குது, ஒண்ணு கை நீட்டுது. பின்னிணைப்பு சமாச்சாரம் எனக்குப் புதுசு. காட்டுக்குள்ள போய் எல்லாத்தையும் பறிகுடுத்தவன் கதையை வெளியில உக்காந்து ஒருத்தன் சொல்றான்னா, காட்டுக்கு அந்தப் பக்கம் ஊர் இருக்குன்னுதானே அர்த்தம்? அதை யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

கல்கத்தா கதை எதுல சேரும்? தோத்துப்போன கிளர்ச்சி. முதல்ல காடுன்னு நினைச்சேன், எதிர்த்தா இதுதான் கதின்னு. மெக்காலே சேதியைச் சேத்துப் படிச்ச பிறகு அப்படித் தோணலை. செம்பருத்தி, முதல் அத்தியாயத்தை அதுல ஆரம்பிங்கம்மா.

யாழ்ப்பாணத்துத் தம்பி கேட்ட ஓம் பத்தின கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. இத்தனை வருஷம் தன்மைப் பன்மை விகுதின்னு சொல்லிக் குடுத்தேன், அதுக்குள்ள ஒரு கடல் இருக்குன்னு யோசிச்சதில்ல.


செம்பருத்தி | செவ்வாய் காலை 6.50

இன்னைக்கு கைடுகிட்ட பேசப்போறேன். டேபிளை முழுசா தூக்கலை, கடைசியில பின்னிணைப்பா போகட்டும்னு கேக்கப்போறேன். பெல்லமியோட முன்னுரையை நேத்து ராத்திரி திரும்பப் பாத்தேன். அதுக்குக் கீழ போட்டிருக்கிற தேதி 2000 டிசம்பர் 26! முதல் பக்கத்துலயே நம்மளை 2000ல உக்கார வெச்சு, பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பழங்காலமா திரும்பிப் பாக்கச் சொல்றார். நாலு தடவை படிச்சும் அந்தத் தேதி கண்ணுல படலை, ஏன்னா நான் கார்டைத் தேடிக்கிட்டிருந்தேன்.

மூணு கேள்வி எழுதி செவுத்துல ஒட்டியிருக்கேன். எந்தக் காலத்துல சொல்றாங்க, எங்க நின்னு சொல்றாங்க, ஓம்ல யார் இருக்காங்க. பனைவடலி அண்ணா, மூணாவது உங்களோடது, நன்றியில பேர் போடணும், என்ன பேர் போடட்டும்?

அடுப்படி அக்கா, 1905 மேகசின் இதழை அச்சுலயே பாக்கணும்னு ஆசையா இருக்கு. கன்னிமாரா நூலகத்துல கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன், கிடைக்குமான்னு தெரியலை. சனிக்கிழமை மெட்ராஸ் வர்றேன், வந்தா கூட வர்றீங்களா?


அடுப்படி அக்கா | செவ்வாய் காலை 7.05

எழும்பூர்ல இறங்கி போன் போடும்மா. நான் வந்துட்டேன்.